ஹோட்டன் சமவெளி: காட்சிக்கா, நீருக்கா?

ஹோட்டன் சமவெளிக்குச் சென்று திரும்பியோரை நோக்கி எழுப்பப்படும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "உலக முடிவு தெரிந்ததா?" தெரிந்தது என்று விடை வந்தால் பயணம் வெற்றி, மூடுபனி மறைத்துவிட்டது என்றால் செலவிட்ட பணமும் இழந்த உறக்கமும் வீண். 3,160 ஹெக்டேயர் பரப்புடையதும், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்ததும், இலங்கையின் மூன்று பெருநதிகளுக்கு நீர் வழங்குவதுமான ஒரு மேட்டுநிலம் முழுவதும், ஏறத்தாழ 880 மீற்றர் ஆழமுடைய ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று கீழே நோக்கும் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கம் தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனால் விளையும் கேடுகளும் உண்டு. கல்வி கற்றோரே இப்பார்வையை முன்னின்று பரப்பிவருகின்றனர் என்பதால், பல்கலைக்கழகத்தின் உள்ளிருந்தே இதற்கான மறுப்பும் எழுதல் வேண்டும்.

விளிம்பை மறைக்கும் மூடுபனியைப் பயணிகள் ஒரு தடையாகவே கருதுகின்றனர். காலை ஆறு மணிக்கு வாயில் திறந்தவுடன் உள்ளே புகுந்து, பத்து மணிக்கு முன்னர் உலக முடிவை அடைந்துவிட வேண்டும் என்பது எல்லா வழிகாட்டிகளும் கூறும் அறிவுரை. அதன்பின் முகில் மேலெழுந்து பள்ளத்தாக்கை நிரப்பிவிடும். பார்ப்பதற்கு ஒன்றும் இராது. இவ்வறிவுரை தரும் செய்தியிற் பிழையில்லை. அதனுள் ஒளிந்திருக்கும் மதிப்பீட்டிலேயே பிழை உள்ளது. முகிலற்ற ஹோட்டன் சமவெளியே முழுமையானது என்றும், முகில் படர்ந்தது அதன் குறைபட்ட வடிவம் என்றும் அது சொல்லாமற் சொல்கின்றது. உண்மை இதற்கு நேர்மாறானது. முகிலைப் பிடித்து நீராக்குவதே அம்மலையின் தொழில். மலை தன் தொழிலைத் தொடங்கும் வேளை பார்த்து, அதனைக் குறைகூறிக்கொண்டே பார்வையாளர் வெளியேறுகின்றனர்.

இத்தொழில் நடைபெறும் விதத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். இம்மேட்டுநிலத்துக் காடு முகிற்காடு எனப்படும் வகையைச் சேர்ந்தது. தாழ்நில மழைக்காட்டின் மரங்கள் வானளாவி நிற்க, இங்குள்ளவையோ குளிராலும் காற்றாலும் குறுகி, கிளை முறுகி, குடைபோற் கவிந்த முடிகளுடன் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. சிங்களத்தில் கீன என வழங்கும் மரமும், நாவலின் இனத்தைச் சேர்ந்த மரங்களும், காட்டுக் கறுவா வகையும் இவற்றுள் முதன்மையானவை. ஒவ்வொரு கிளையும் பாசியாலும் இலைக்கன்களாலும் பன்னங்களாலும் சிற்றோர்க்கிட்டுகளாலும் போர்த்தப்பட்டிருக்கும். காற்றில் மிதந்துவரும் முகிலின் நுண்டுளிகள் இப்போர்வையிற் பட்டுத் திரண்டு, சொட்டி, நிலத்தை அடைகின்றன. திறந்தவெளியில் வைக்கப்பட்ட மழைமானி காட்டாத நீர் இது. மழை பெய்யாத நாளிலும் காட்டினுள்ளே துளி விழும் ஓசை கேட்பதற்குக் காரணம் இதுவே. இவ்வாறு இறங்கும் நீரை, இலைதழை மக்கிக் கருமையேறிய மேல்மண் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றது. காடுகளுக்கிடையே பரந்து கிடக்கும் பத்தனைப் புல்நிலமும், அதன் தாழ்வான பகுதிகளிலுள்ள சதுப்புகளும் இவ்வேலையிற் பங்குகொள்கின்றன. வெறும் புல் என்று கருதி அதன்மீது காலணியுடன் குறுக்குவழி நடப்போர், நீர்த்தாங்கியின் மூடியை மிதித்து உடைப்போராவர்.

அந்நீர் எங்கே செல்கின்றது? ஆக்ரா ஓயா வழியாகவும் வேறு ஓடைகள் வழியாகவும் மகாவலிக்குச் செல்கின்றது. பெலிகுல் ஓயா வழியாக வளவை கங்கைக்குச் செல்கின்றது. மேற்குச் சரிவில் இறங்கிக் களனியோடு கலக்கின்றது. கொழும்பு மாநகரின் குடிநீர், களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகின்றது. மகாவலியின் நீர் 1976 ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையிலிருந்து வடக்கு நோக்கித் திருப்பப்பட்டு, வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கின்றது. வளவையின் நீர் உடவளவை நீர்த்தேக்கத்தினூடாகத் தெற்கின் வயல்களை நனைக்கின்றது. உலக முடிவு என்ற பெயரைக் கேட்டறியாத உழவர் பல்லாயிரவர், இம்மலையின் முகிலால் உயிர்வாழ்கின்றனர். இம்மலை யாருக்குரியது என்ற வினாவிற்கு, நுழைவுச்சீட்டு வாங்குவோரின் பட்டியலை மட்டும் எடுத்துக்காட்டுதல் போதாது.

கண்ணுக்குத் தெரிவனவற்றை மட்டும் கொண்டு இந்நிலத்தை மதிப்பிடுவதன் பேதைமையை ஒரு சிறு விலங்கு நன்கு உணர்த்தும். ஹோட்டன் சமவெளியைச் சார்ந்த தேவாங்கு வகையொன்றை, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த ஒஸ்மன் ஹில் 1942 இல் அறிவியலுலகிற்கு விவரித்தார். தாழ்நிலத் தேவாங்குகளிலிருந்து அடர்ந்த உரோமத்தாலும் குட்டையான உறுப்புகளாலும் வேறுபட்ட அவ்விலங்கு, அதன்பின் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர் கண்ணிற்கே தென்படவில்லை. அழிந்துபோயிற்று என்றே கருதப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் அதன் தடயம் மீண்டும் கிடைத்தது. அதன் நிழற்படங்கள் 2010 இலேதான் உலகின் பார்வைக்கு வந்தன. இத்தனை காலமும் ஆண்டுதோறும் பெருந்தொகையான மக்கள் அதே காட்டின் ஓரமாக நடந்து சென்று, "விலங்குகள் ஒன்றுமில்லை, மரை மட்டுமே உண்டு" என்று கூறித் திரும்பினர். இச்சமவெளியின் ஓடைகளிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத நன்னீர் இறால் ஒன்றும் உண்டு. அதனைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அதே ஓடைகளில் ஆங்கிலேயர் தமது தூண்டிற் பொழுதுபோக்குக்காகக் கொணர்ந்து விட்ட ட்றவுட் மீனைப் பற்றிப் பேசுவோரோ பலர்.

தமிழ் பயில்வோரை நோக்கியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. மலையையும் மலைசார்ந்த நிலத்தையும் ஒரு பூவின் பெயரால் அழைத்த மரபு தமிழ் மரபு. குறிஞ்சித் திணையின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் பற்றி ஆண்டுதோறும் எத்தனையோ கட்டுரைகள் எழுதப்படுகின்றன. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொகுத்துரைத்த மலர்களின் தொகை தேர்வு வினாவாகவும் வருகின்றது. அக்குறிஞ்சியின் இனமான செடிகள் ஹோட்டன் சமவெளியின் நடைபாதையோரத்திலேயே காட்டின் கீழ்த்தட்டை நிரப்பி நிற்கின்றன. சிங்கள மக்கள் அவற்றை நெலு என்பர். பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை சொரிந்து, செடி முழுவதும் மடிந்துபோவது அவற்றின் இயல்பு. 2013 ஆம் ஆண்டில் அவ்வாறு பூத்தபோது சமவெளியின் காட்டோரங்கள் நிறம் மாறின. பூவாத காலத்தில் அச்செடியைக் கண்டு இது குறிஞ்சியின் உறவு என்று இனங்காணத்தக்க தமிழ் மாணவர் எத்தனை பேர் உளர்? நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த இலக்கணத்தைக் கற்றோர், அந்நிலத்தின் நடுவே நின்று தொலைவிலுள்ள பள்ளத்தாக்கை மட்டும் தேடுவது விந்தையே.

இனி, இப்பார்வை எங்கிருந்து வந்தது என்பதை நோக்கலாம். மகா எலிய எனச் சிங்களத்தில் வழங்கிய இந்நிலத்தை 1830களில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் 'கண்டுபிடித்தனர்'. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பலாங்கொடைப் பண்பாட்டைச் சேர்ந்த கற்கருவிகள் கிடைத்த ஒரு நிலத்தை, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் நடந்து திரிந்த ஒரு நிலத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் கண்டுபிடித்தார் என்பது ஏகாதிபத்திய வரலாற்றெழுத்தின் வழக்கமான வேடிக்கை. வந்தவர்கள் முதலிற் கண்டது வேட்டையையே. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்க் கூட்டத்தைக்கொண்டு மரைகளைத் துரத்தி வீழ்த்துவதை ஒரு கலையாகவே வளர்த்து, அதனைப் பெருமையுடன் நூலாகவும் எழுதி வெளியிட்டார். சமவெளியின் அழகிய நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இன்று பார்வையாளர் நிலையமாகவுள்ள பார் இன் என்னும் கட்டிடமும் வேட்டைக்கு வந்தோர் தங்கும் விடுதியாக இருந்ததே. இம்மலையில் வாழ்ந்த யானைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியோடு இல்லாதொழிந்தன. யானை இல்லாத இந்நிலத்தில் நின்றுகொண்டு 'கன்னிமை குன்றாத இயற்கை' என்று எழுதுவோர் சற்றுச் சிந்தித்தல் நன்று.

வேட்டைக்காரன் மலைக்கு வருவது எதையேனும் கொண்டுசெல்வதற்கே. கொம்பு கிடைத்தால் பயணம் வெற்றி; கிடைக்காவிடில் தோல்வி. துப்பாக்கியின் இடத்தை நிழற்படக்கருவி பெற்றுக்கொண்டது. கொம்பின் இடத்தை உலக முடிவின் படம் பெற்றுக்கொண்டது. கணக்குப் பார்க்கும் முறை மட்டும் மாறவில்லை. இவ்வாறு கூறுவது மிகை என்று சிலர் எண்ணக்கூடும். விளிம்பிற்குச் சென்று படமெடுத்தவுடன் திரும்பிப் பாராமல் வாகனத்தை நோக்கி விரையும் கூட்டத்தை ஒருமுறை அவதானித்தோர் அவ்வாறு எண்ணார்.

ஆங்கிலேயர் அழித்தனர் என்பதை ஒப்புக்கொள்வோரும், இறுதியிற் காத்தவரும் அவர்களே என வாதிடுவதுண்டு. 1873 இல் கியூ தாவரத் தோட்டத்தின் பணிப்பாளரான ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு இலங்கை அரசுக்கு ஆலோசனை கூறினார் என்பது உண்மையே. அது சிறந்த ஆலோசனை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அது கூறப்பட்ட காலத்தைக் கருத்திற் கொள்ளவேண்டும். அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளில், அவ்வெல்லைக்குக் கீழேயிருந்த மத்திய மலைநாட்டுக் காடு மலைமலையாக வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டமாகிவிட்டது. 5,000 அடிக்கு மேல் கோப்பி நன்கு விளைவதில்லை. இலாபம் தராத உயரத்தைத் தொடாது விடுதல் கடினமான துறவன்று. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. காடு மீளவில்லை. ஹூக்கரின் பெயரைப் போற்றுவோர், அவர் எச்சரிக்கும் நிலைக்கு மலைநாட்டைக் கொணர்ந்தவர்கள் யார் என்பதையும் அதே மூச்சிற் கூறுதல் நேர்மையாகும்.

அந்நியரை மட்டும் குறைகூறிவிட்டு அமைதல் எளிது. சுதந்திர இலங்கையும் இம்மலையின்மீது கைவைத்தது. 1960களில் பத்தனைப் புல்நிலத்தின் சில பகுதிகள் உழப்பட்டு விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. உணவு உற்பத்தி, அந்நியச் செலாவணி ஆகிய பெருஞ்சொற்கள் அன்று அதற்குத் துணைநின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் திரண்ட கருமண்ணைக் கிழங்குக்காகக் கிளறியதன் வடு இன்னும் ஆறவில்லை. உழுத நிலத்தில் அந்நியப் புற்கள் வேரூன்றின. நுவரெலியாப் பகுதிக்கு ஆங்கிலேயர் கொணர்ந்த, மஞ்சட்பூப் பூக்கும் கோர்ஸ் எனும் முட்செடியும் சமவெளியின் திறந்த பகுதிகளிற் பரவி, அகற்ற அகற்ற முளைக்கின்றது. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நுனியிலிருந்து கருகி, நின்றபடியே சாகின்றன. நீர்ப்பற்றாக்குறை, மண்ணின் ஊட்டக்குறை, காற்றோடு வரும் மாசு எனப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவில்லை. முகில் குறைந்தால் முகிற்காடு என்னாகும் என்பது மட்டும் எவருக்கும் விளங்கத்தக்கது.

1969 டிசம்பரில் இயற்கை ஒதுக்கமாகவும், 1988 மார்ச்சில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இந்நிலம், 2010 இல் சிவனொளிபாதமலை வனத்துடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒவ்வொரு பட்டமும் ஒரு பாதுகாப்பு. ஒவ்வொரு பட்டமும் ஒரு விளம்பரமும் ஆகும். பாதுகாப்பு கடதாசியில் தங்கியது. விளம்பரமோ பஸ் ஏறி வந்தது. விடுமுறை நாட்களின் விடியற்காலையில் பட்டிப்பொலையிலிருந்து வாயில் வரை வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் காத்து நிற்கின்றன. புகையும் விளக்கொளியும் பாட்டும் முன்னே செல்ல, பார்வையாளர் பின்னே வருகின்றனர்.

மரைகளின் நிலையே மிக இரங்கத்தக்கது. சிறுத்தையின் கண்ணுக்கு அஞ்சி, அந்தியில் மட்டும் காட்டிலிருந்து வெளிவரவேண்டிய இவ்விலங்குகளிற் சில, பட்டப்பகலில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று மனிதரின் கையை எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டன. பாணும் பிஸ்கற்றும் கொடுத்துக் கொம்பருகே முகம்வைத்துப் படமெடுப்பது கருணை என்றே கொடுப்போர் கருதுகின்றனர். உணவோடு பொலித்தீனையும் விழுங்கி மரைகள் மாண்ட செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. பேக்கரின் நாய்களிடமிருந்து தப்பி ஓடிய மரைக்கு ஒரு மாண்பேனும் இருந்தது.

இக்கேடுகளுக்குக் காரணம் கேட்டால், அதிகாரிகளும் நகரத்து இயற்கை ஆர்வலரும் முதலிற் சுட்டுவது மலையடிவாரத் தோட்டத் தொழிலாளரையே. விறகு பொறுக்குகின்றனர், கண்ணி வைக்கின்றனர், காட்டுக்குத் தீ வைக்கின்றனர் என்பன குற்றச்சாட்டுகள். இவை முற்றிலும் பொய்யென்று வாதிடல் நேர்மையன்று. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கண்ணி சிறுத்தையின் உயிரையும் குடிக்கின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சில நாட்களில் இறந்தது. அதனை நியாயப்படுத்த எவராலும் இயலாது. எனினும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ், பூங்காவின் எல்லையைத் தாண்டி உலர்ந்த சுள்ளி ஒடிக்கும் பெண் குற்றவாளி. அவள் அடுப்பெரிக்க வேறு வழி செய்து கொடுப்பது எவருடைய கடமை என்பதைச் சட்டம் கூறவில்லை. அதே எல்லைக்குள் பாதையை விட்டு விலகிப் புல்லை மிதித்து, மரைக்குப் பொதியோடு உணவு வீசிச் செல்லும் பயணியும் குற்றவாளியே; ஆனால் அவர் விருந்தினர் எனப்படுகின்றார்.

வரலாற்றின் கொடுமை இங்கு இரட்டிப்பாகின்றது. காடழித்த கோடரியைச் சிங்களக் கிராமத்தவரும், அழித்த நிலத்தில் நட்டுப் பறிக்கும் கூடையைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும், கூலிக்காகவே ஏந்தினர். இலாபம் கப்பலேறியது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டது பின்வந்த தமிழரிடமிருந்தே. உலக முடிவின் விளிம்பிலிருந்து நோக்குவோருக்கு, தெளிந்த காலையில் கீழே நொன்பரேல் தோட்டம் தெரியும். லயன்களின் தகரக்கூரைகள் வெயிலில் மின்னும். "எத்துணை அழகு" என்று வியப்போர், அந்தக் கூரையின்கீழ் எத்தனை பேர் எத்தனை அடி அறையில் வாழ்கின்றனர் என்று வினவுவதில்லை. அங்குள்ளோர் மேலே வந்தால் ஊடுருவல். மேலேயுள்ளோர் கீழே பார்த்தால் சுற்றுலா.

அங்ஙனமாயின் மனிதர் எவரையும் உள்ளே விடாது சமவெளியை முற்றாக மூடிவிடலாமே என்று கூறும் ஒரு கட்சியும் உண்டு. அயலிலுள்ள ஹக்கலை, 1938 முதல் கடும் இயற்கை ஒதுக்கமாக விளங்குவதையும், ஆய்வாளரன்றி ஏனையோர் அங்கு செல்ல இயலாமையையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. சில மாதங்களுக்கேனும் ஓய்வு கொடுத்தல் இன்றியமையாதது. யால தேசியப் பூங்காவின் முதலாம் பிரிவு வறட்சிக் காலத்தில் ஆண்டுதோறும் சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம்; அதனால் எவரும் பட்டினி கிடந்து மாண்டதில்லை. ஆயினும் முற்றாக மூடுதல் வேறு. உருளைக்கிழங்கு நடப்பட்ட காலத்தில் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோர் மிகச் சிலரே. சமவெளி உழப்படுவதைக் கண்டு குரலெழுப்பத்தக்க மக்கள் அன்று இருந்திருந்தால் ஏர் அவ்வளவு எளிதில் இறங்கியிராது. கண்ணுக்கெட்டாத மலையில் கிழங்கும் நடலாம், விடுதியும் கட்டலாம், கம்பிவழி ஊர்தியும் அமைக்கலாம். மலைக்குச் சாட்சிகள் வேண்டும்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவோம் என்றால், அடுத்த மறுப்பு வருமானத்தின் பெயரால் எழும். வெளிநாட்டவர் செலுத்தும் கட்டணம் உள்நாட்டவர் செலுத்துவதைப்போற் பன்மடங்கு. அவ்வருவாயை இழக்கலாமா என்பர். இதற்கு எளிய தீர்வாகக் கட்டணத்தை உயர்த்தும் யோசனை அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. விலையால் மட்டுப்படுத்தினால், அக்கரப்பத்தனை ஆசிரியை தன் மாணவரை அழைத்துச் செல்ல இயலாது. கொழும்பின் செல்வர் மட்டும் தடையின்றிச் செல்வர். வேட்டை விடுதியின் காலம் புதிய உடையில் திரும்பி வரும். மட்டுப்படுத்தல் முறையால் நிகழவேண்டும்: ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்து, முன்பதிவு செய்தோரை வரிசைப்படி அனுமதித்து, சுற்றயற் பாடசாலைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைத்தல் வேண்டும். விதி விதித்தால் மக்கள் பணியார் என்பது சோம்பேறிகளின் வாதம். வாயிலில் பொதிகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளைக் களைந்து, தண்ணீர்ப் போத்தலின் சுற்றுத்தாளைக்கூட உரித்தெடுக்கும் நடைமுறை இன்று உள்ளது. முணுமுணுத்தாலும் எல்லோரும் அதற்கு இணங்குகின்றனர்.

வாகனங்களைப் பொறுத்தவரையில் நாட்டுக்கு ஒரு நற்பேறு ஏற்கனவே அமைந்துள்ளது; பயன்படுத்துவோர்தாம் இல்லை. இலங்கைப் புகையிரதப் பாதையின் அதியுயர் நிலையமான பட்டிப்பொலை, 1,891 மீற்றர் உயரத்தில், சமவெளியின் அடிவாரத்திலேயே உள்ளது. மறுபுறம் ஒகிய நிலையம். இவ்விரு நிலையங்களிலிருந்தும் சில சிறு பஸ்களைக் குறித்த நேரத்தில் இயக்கி, தனியார் வாகனங்கள் அனைத்தையும் கீழேயே நிறுத்திவிட்டால், சமவெளியை ஊடறுத்துச் செல்லும் பாதை பாதி ஓய்வு பெறும். அப்பஸ்களை ஓட்டுவதற்கும், வழிகாட்டுவதற்கும், கோர்ஸ் முட்செடியை வேரோடு அகழ்வதற்கும் தேவையான இளைஞர், ஒகியவிலும் பட்டிப்பொலையிலும் அக்கரப்பத்தனையிலும் வேலையின்றி இருக்கின்றனர். காட்டினால் உழைப்பு கிடைக்கும் வீட்டிலே கண்ணிக்கம்பி எளிதில் நுழையாது. இளைஞருக்கு வேண்டிய பயிற்சியை வழங்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் பல்கலைக்கழகங்களின் தாவரவியல், விலங்கியல், புவியியல் துறைகளும் ஒன்றுசேரத் தடையேதும் இல்லை.

அத்துறைகளின் மாணவரும், கலைப்பீடத்து மாணவரும் ஆண்டுதோறும் செல்லும் சுற்றுலாக்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். நள்ளிரவிற் புறப்படும் பஸ், வழியெல்லாம் மேளமும் பைலாவும், விடியலில் பட்டிப்பொலை, ஓட்டமும் நடையுமாக உலக முடிவு, ஒரு குழுப்படம், பேக்கர் நீர்வீழ்ச்சியருகே மற்றுமொரு படம், நண்பகலில் நுவரெலியாக் கடைவீதி. கல்விச் சுற்றுலா என்று விண்ணப்பத்தில் எழுதப்படுவது இதுவே. உடன்செல்லும் விரிவுரையாளர் தலை எண்ணுவதோடு தம் பணியை முடித்துக்கொள்கின்றார். பட்டம் பெற்று நாளை நிருவாகிகளாகவும் பொறியியலாளராகவும் திட்டமிடுவோராகவும் அமரப்போகின்றவர்களும் இவர்களே. மலையை அவர்கள் முதன்முதலிற் காணும் விதம் பிற்காலத்தில் அவர்கள் இடும் கையொப்பங்களிற் தெரியவரும்.

மாணவர் மன்றங்கள் அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும்போது, விடுமுறை நாளைத் தவிர்த்து, மழைக்காலத்து வேலைநாளொன்றைத் தெரிவுசெய்யலாம். புகையிரதத்தில் ஒகியவரை சென்று, தாவரவியல் கற்ற ஒருவரையும், அப்பகுதியிற் பிறந்து வளர்ந்த ஒருவரையும் வழிகாட்ட அழைக்கலாம். பத்து மணிக்குப் பின்னர், முகில் இறங்கும் நேரம் பார்த்துக் காட்டினுள் சென்று, ஒரு கீன மரத்தின் அடியில் அரைமணி நேரம் பேசாது நின்று, சொட்டும் நீரை ஒரு பாத்திரத்திற் பிடித்து அளந்து பார்க்கலாம். நெலுச் செடியின் கணுக்களை எண்ணலாம். உலக முடிவுக்குப் போகாமலே திரும்பலாம்.